நோலீனுடன் தேநீர், இடம் ஒன்று

மலர்ச் சங்கக் கூடத்தின் தொலைபேசி அலறியது. அதே நொடியில் டெஸ்ஸின் சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. கணினித் திரையைப் பார்த்தார். ‘143 உறுப்பினர்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் நின்றது.

டாஃபடில் மலர்க்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். இத்தனை வருடமும் ஹோபார்ட் நகரத்துக் கம்பெனி ஒன்றின் இணையதளத்தில்தான் பெயர் பதிந்தார்கள். இந்த வருடம் செயலாளர் நோலீன் மறுத்துவிட்டாள். நம் ஆட்களின் விலாசம் நம் கூடத்திலேயே இருக்கட்டும் என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்த டெஸ், கூடத்துக் கணினியிலேயே ஓடும் ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்து, நான்கு சனிக்கிழமைகளாக உட்கார்ந்து நிறுவிக்கொண்டிருந்தார். மூன்றிலேயே முடித்திருக்கலாம். முடித்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை இங்கே வர என்ன காரணம் சொல்வது?

இன்று உறுப்பினர் பட்டியலை ஏற்றியாயிற்று. மின்னஞ்சலையும் இணைத்தாயிற்று. சோதனைக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும். நோலீன் தேநீருக்குப் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கூடத்தில் யாருமில்லை. விரல்கள் தாமாகவே தட்டின: ‘நோலீனுடன் தேநீர். வியாழன், மாலை நான்கு மணி. இடம்: ஒன்று.’ ‘எல்லோருக்கும் தெரிவி’ என்ற கட்டத்தில் மென்பொருளே முன்கூட்டி டிக் போட்டு வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

தொலைபேசியை எடுத்தார். கறிக்கடை கெவின்.

“டெஸ், அந்த ஒரு இடம் எனக்குக் கிடைச்சிருச்சு. கேக்கு நான் வாங்கிட்டு வரணுமா, இல்ல நோலீனே சுடுவாளா?” பின்னால் கடையே சிரித்தது. கெவினின் குரல் கொஞ்சம் இறங்கியது. “உன் பொண்டாட்டி போயி பதினோரு வருஷம் ஆச்சுப்பா.”

டெஸ் இணைய வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

கதவு திறந்தது. பால் பாட்டிலோடு நோலீன். பால் விற்ற கடைக்காரியும் சங்க உறுப்பினர்தான். அவள் அழைப்பைப் படித்துக் காட்டாமல் விட்டிருக்க மாட்டாள். நோலீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையை நிதானமாகப் படித்தாள்.

“சோதனைக்குத்தான் போட்டேன், நோலீன்.”

“சோதனைக்குன்னா சோதனைன்னுதானே போடுவாங்க.”

தகரக் கூரையில் மழை தொடங்கியது. இனி சனிக்கிழமைகள் கிடையாது, தெருவில் எதிரே வந்தாலும் அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டார். புருஷன் போன ஏழு வருடத்தில் ஊர் வாயில் விழாமல் இருந்தவளை இவர் ஒரே தட்டலில் 143 பேர் வாயில் போட்டுவிட்டார்.

“ரத்து பண்ணிடறேன்,” என்று மவுஸைத் தொட்டார்.

அவள் கை அவர் கையின் மேல் வந்து அமர்ந்தது. பால் பாட்டிலைப் பிடித்து வந்த கை, சில்லென்றிருந்தது.

“கெவினைத் தூக்கிட்டு உன் பேரைப் போடு, டெஸ். வியாழக்கிழமையையும் மாத்து. பால் இன்னிக்கே வாங்கியாச்சு.”