காட்டுதல் என்ற ஒரு சொல்

லோர்னாவின் அம்மாவுக்குக் கண் தெரியாது. மாத்திரை நேரத்தைப் பேசி நினைவூட்டத்தான் லோர்னா ஒரு மென்பொருளை எழுதினாள். அதற்குக் காப்புரிமை மனுவை எழுதிக் கொடுத்தவன் கிராண்ட் விட்லோ, அவளோடு காலேஜில் படித்த வக்கீல். "நினைவூட்டலைக் காட்டும்" என்று அவன் எழுதியபோதே அவள் கேட்டாள்.

"காட்டும்னா கண்ணுக்கு மட்டும்னு ஆயிடாதா?"

"அடி லூசு, குரலும் அதுல அடக்கம். விடு."

விட்டாள். நம்பித் தொலைத்தாள்.

இப்போது ஒரு பெரிய கம்பெனி அதையே பேசும் பெட்டியாக்கி விற்கிறது. வழக்குப் போட்டாள். காட்டுதல் என்றால் கண்ணுக்குத்தான் என்று கீழ்க்கோர்ட் கைவிரித்துவிட்டது. வாஷிங்டனில் மேல்முறையீடு. அந்த ஒரு சொல் போனால் அவளுக்கு எல்லாம் போச்சு.

மூன்று நீதிபதிகள். அவளுக்காக வாதாட எழுந்த கிராண்ட் நன்றாகத்தான் ஆரம்பித்தான். நடுவில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"மிஸ்டர் விட்லோ, போன வசந்தத்துல வேற ஒரு கட்சிக்காரருக்காக இதே இடத்துல நின்னு, காட்டுதல்னா கண்ணுக்கு மட்டும்தான்னு அடிச்சுச் சொன்னீங்களே. இப்ப காதுக்கும்கிறீங்க. எது நிஜம்?"

லோர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கதை அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பதில் தெரியும். அந்தக் காப்புரிமை வேறு, இது வேறு. எந்தச் சொல்லுக்கும் அதனதன் மனுவில் உள்ளதே பொருள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். சொல்லுடா, சொல்லித் தொலையேன்!

"அந்தச் சொல்லைப் பத்தின வாதத்தை விட்டுடறேன், யுவர் ஹானர். மத்த விஷயங்களுக்கு வர்றேன்."

மத்த விஷயமாம், மண்ணாங்கட்டி! எதிர்த்தரப்பு மேஜையில் யாரோ நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அவனை மடக்கினாள்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?"

"அந்தக் கட்சிக்காரர் எங்க ஆபீஸுக்கு எவ்வளவு முக்கியம்னு உனக்குத் தெரியாது, லோர்னா. அந்த நீதிபதி அம்மா முன்னாடி நான் மாத்திப் பேசினா, அவர் என்னைச் சும்மா விடுவாரா?"

"அப்ப நான் யாருடா?"

"மறுபரிசீலனைக்கு மனு போடலாம்."

"எங்கம்மா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பே நீ! கண்ணு தெரியாதவளுக்கு எவளாவது திரையில எழுத்துக் காட்டுவாளா? உனக்குத் தெரியாதா?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. அவன் டையைச் சரிசெய்துகொண்டான்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தபடி வந்தார்.

"விட்லோ, 'அந்தக் காப்புரிமை வேற, இது வேற'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவீங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்கிட்ட அதுக்குப் பதிலே இல்லை."

கையை நீட்டினார். லோர்னா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிராண்ட் அதைப் பிடித்துக் குலுக்கினான். "தேங்க்ஸ்" என்று வேறு சொன்னான்.