நாற்பத்திரண்டாவது மேற்கோள்

"ஏம்மா, கீழ் குளியலறையில தண்ணி போகவே மாட்டேங்குது. கொஞ்சம் கையை விட்டு என்னன்னு பாரேன்."

பேராசிரியரின் மனைவி சமையலறை வாசலில் நின்று சொன்னாள். கூடத்து மேசையில் இரண்டு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அவள் கணவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்கள். ஒருவன் ஞாயிற்றுக்கிழமையிலும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவான். துறையில் எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை'. இன்னொருவர் பெண். அந்த அம்மாள் பார்த்தது பெண்ணை.

"குழாய்க்காரருக்குச் சொல்லலியா மேடம்?" என்றான் மாப்பிள்ளை.

"அவன் நாளைக்குத்தான் வருவானாம். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு ஆள் வருது. இவளுக்கு என்ன, பழக்கம் இருக்குமில்ல."

பழக்கம். அந்தச் சொல் மேசைமேல் விழுந்து கிடந்தது. யாரும் எடுத்துப் போடவில்லை.

அந்தப் பெண் இந்த வீட்டில் யாரிடமும் தன் தாயைப் பற்றிப் பேசியதில்லை. ஐந்து வருடம் முன்பு சேர்க்கை விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்று கேட்டிருந்தார்கள். கழிவறைத் துப்புரவு என்று எழுதினாள். அந்தக் காகிதம் துறை அலுவலகத்திலிருந்து கிளம்பி இந்தச் சமையலறைவரை நடந்து வந்திருக்கிறது.

"கையில இருக்கறத முடிச்சிட்டுச் சொல்றேன் மேடம்."

பையில் ஒரு படிவம் இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று நெறியாளரான பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம். நாளை மதியத்தோடு கெடு முடிகிறது. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்த மேசையில் கழிந்தன. அவர் புத்தகத்துக்குப் பிழை திருத்தினாள். அவர் மகளின் பள்ளிக்கு அட்டையில் எரிமலை செய்து கொடுத்தாள். அவர் மேடையில் பேசியதெல்லாம் அவள் எழுதிக் கொடுத்தது.

அவர் பேச்சில் ஒன்று மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. வருடா வருடம் புதிய மாணவர்களிடம் சொல்வார்: "வலையில கெடக்கறதெல்லாம் மீன் இல்ல. செருப்பும் மாட்டும்." பிறகு ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவார். இணையத்தில் ஒரு தகவல் கிடைத்தால், யார் சொன்னது? எப்போது? எதை வைத்து? யாருக்காக? வேறு யார் சொல்கிறார்கள்? மாணவர்கள் வேதம் மாதிரி எழுதிக்கொள்வார்கள்.

துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இணையத்தில் என்னவெல்லாம் இருக்கிறது, அதில் எதை நம்பலாம் என்பதுதான் அவளுடைய ஆய்வு. முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகளை இந்த ஐந்து கேள்விகளால் சலித்துவிட்டாள். ஒன்று மட்டும் பாக்கி. பேராசிரியரே எழுதியது. அந்தப் பிள்ளைகளில் எழுபத்துமூன்று சதவீதம் பேருக்குப் பாடத்தில் கவனம் நிற்பதில்லை, கைவேலையில் நாட்டம் இயல்பாகவே உண்டு என்று அதில் இருந்தது. அந்த எண்ணைக் காட்டித்தான் நகரத்துப் பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் போட்டார்கள். கணக்கு, அறிவியல் குறைவு. கைவேலை அதிகம்.

"ரெண்டாவது இயல்ல என் கட்டுரை வந்துடணும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். ஒரு கட்டுரையை வேறொருவர் தம் மேற்கோள் பட்டியலில் சேர்த்தால், எண்ணிக்கை வைக்கும் தளத்தில் அதற்கு ஒன்று கூடும். அவருக்கு நாற்பத்தொன்று இருந்தது. பல் துலக்குமுன் அதைத்தான் பார்ப்பார். பாடத்திட்டக் குழுவின் தலைவர் பதவி அந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

யார் சொன்னது என்று அவள் ஒரு வாரமாகத் தேடினாள். நாற்பத்தொரு பேர் சொன்னார்கள். நாற்பத்தொரு பேரும் இவர் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். இவர் கட்டுரை ஓர் ஆசிரியர் கையேட்டைக் காட்டியது. கையேடு ஒரு பயிற்சிக் கல்லூரியின் பழைய பதிவேட்டைக் காட்டியது. அந்தப் பதிவேடுகளைப் பொது நூலகம் ஒன்று படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தது. கட்டு பதினான்கு, பக்கம் இருநூற்று மூன்று. காலையிலிருந்து வரி வரியாக இறங்கிய பக்கம், இப்போது முழுதாகத் திறந்தது.

கையால் கோடு போட்ட அட்டவணை. ஓரத்தில் தேநீர்க் கறை. மூன்றாம் வகுப்பில் துப்புரவுக் குடியிருப்புப் பிள்ளைகள் பதினோரு பேர். ஆயிரம் பேரில்லை, நூறு பேரில்லை. பதினோரு பேர். எட்டுப் பேருக்கு நேரே, 'கவனம்: நிலையற்றது'. எட்டைப் பதினொன்றால் வகுத்தால் எழுபத்துமூன்று சதவீதம்.

பக்கத்தை வலப்புறம் தள்ளினாள். கையேட்டிலும் கட்டுரையிலும் இல்லாத இன்னொரு கட்டம் அங்கே இருந்தது. 'வகுப்புக்கு வெளியே இருந்த நேரம், காரணம்.' எட்டுப் பேருக்கும் எழுதியிருந்தது. கழிப்பறை, இரண்டு மணி. கழிப்பறை, இரண்டரை மணி. வாளி, ஒன்றரை மணி. மூன்று பேருக்கு மட்டும் 'கவனம்: நன்று'. கடைசிக் கட்டத்தில் அவர்களுக்குச் சிறு குறிப்பு: 'வாளி தூக்க வயது போதாது.'

பள்ளியின் பெயரைப் படித்தாள். அதிசயம் ஒன்றுமில்லை. துப்புரவுக் குடியிருப்புக்கு இருந்தது ஒரே பள்ளி. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பயிற்சிக் கல்லூரி. வரிசை எண் ஏழு, அவள்.

கணக்கு மணி அடித்ததும் ஆசிரியர் சொல்வார்: "ஏய், உங்க ஆளுங்க எந்திரிங்க." எட்டுப் பேர் எழுந்து போவார்கள். வாய்ப்பாடு சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும். இன்றும் ஏழாம் வாய்ப்பாடு அவளுக்குப் பீ நாற்றத்தோடுதான் நினைவுக்கு வரும். பத்து நாள் ஒரு பயிற்சி ஆசிரியர் வந்தார். கழிப்பறை வாசலில் நின்று, மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, "எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். பிள்ளைகள் அவருக்குக் 'கைக்குட்டை' என்று பேர் வைத்தார்கள்.

அட்டவணையின் அடியில் கையெழுத்து இருந்தது. ஐந்து வருடமாக அவள் தினம் பார்க்கும் கையெழுத்து. படத்தைப் பெரிதாக்கி அதன் சுழியைப் பார்த்தாள்.

மாடியில் குளித்துவிட்டுப் பேராசிரியர் இறங்கி வந்தார். கையில் மடித்த கைக்குட்டை. "என்ன இது, வீடே நாறுது" என்று அதை மூக்கில் வைத்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! என் கையெழுத்தாச்சே! இருபத்தொரு வருஷம்! எங்கேம்மா புடிச்ச இதை?"

"கடைசிக் கட்டம் சார். அது உங்க கட்டுரையில இல்ல."

"எது? ஓ, அதுவா. அது பள்ளிக்கூடத்து ஏற்பாடும்மா. ஆய்வுக்குச் சம்பந்தமில்ல."

"கணக்கு நேரத்துல கழிப்பறையில நின்னா, கணக்குல கவனம் எப்படி சார் நிக்கும்?"

"அப்படின்னு யாராவது எழுதியிருக்காங்களா? ஒரு கட்டுரை காட்டு."

"நான் இருந்தேன் சார். ஏழாவது நான்தான்."

மாப்பிள்ளையின் விரல்கள் விசையில் நின்றன. பேராசிரியர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். வெட்கம் வரும் என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"சொந்தக் கதை ஆதாரம் ஆகாதும்மா. அதுக்குப் பேரு புலம்பல்." சற்று யோசித்தார். பிறகு சிரித்தார். "சரி, உனக்கு அவ்வளவு கோபம்னா எழுது. என் கட்டுரை தப்புன்னே எழுது. தாராளமாத் திட்டு. ஆனா பட்டியல்ல பேரு மட்டும் சரியாப் போட்டுடு. திட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான். எண்ணுற மிஷினுக்கு வாழ்த்தும் தெரியாது, வசவும் தெரியாது. நாப்பத்தொண்ணு நாப்பத்திரெண்டு ஆகும், அவ்வளவுதான். எங்க அந்தப் படிவம்?"

கொடுத்தாள். மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அட்டவணையின் அடியில் இருந்த அதே சுழி, அதே வால்.

"சாருக்குப் பெரிய மனசு" என்றான் மாப்பிள்ளை.

"என்னைத் திட்டியே நாலு பேரு பட்டம் வாங்கியிருக்கான்யா. வாங்கட்டும். நமக்கு நல்லதுதானே."

கழிப்பறை வாசலில் நின்று எண்ணினார். இப்போதும் எண்ணுகிறார். உள்ளே நிற்பது யார் என்பது அவருக்கு அன்றும் வேண்டியிருக்கவில்லை, இன்றும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கரப்பான் ஓடிய தட்டைப் பார்ப்பது போல இருந்தது.

"பேச்செல்லாம் அப்புறம் வெச்சுக்கங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "தண்ணி கூடத்துக்கே வந்துடுச்சு! ஏம்மா, எழுந்திரு!"

குளியலறைக் கதவின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்து வந்தது. சோப்பு நுரை, முடிச்சுருள், என்னவென்று சொல்ல முடியாத கொழகொழப்பு. மாப்பிள்ளை கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டான்.

அவள் எழுந்தாள். எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். கணினியை மூடினாள். படிவத்தை மடிக்காமல் கோப்பில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டாள்.

"எங்க போற? இதை யாரு பாக்கறது?"

"எங்க ஆளுங்களுக்குக் கவனம் நிக்காது மேடம். சார் எழுதியிருக்காரு. பாதியில விட்டுட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"கைவேலை நல்லா வரும்னும் எழுதியிருக்கேன்" என்றார் பேராசிரியர். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டதும் அது நின்றது.

"பதினோரு பேரைப் பாத்து எழுதினது சார். நீங்களும் ஒருதடவை கையை விட்டுப் பாருங்க. பன்னெண்டு ஆகும்."

படி இறங்கினாள். பின்னால் அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது: "நீங்க குடுத்த இடம்!" பிறகு, "நிக்கறீங்களே, அந்த வாளியையாவது எடுங்க!"

அச்சகத்தில் கூட்டமில்லை. அவள் தெருப் பையன்தான் கடைக்காரன்; அவள் ஆய்வேட்டைத் திரையில் திறந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது இயலில் ஒரு பத்தி சேர்த்தாள். இணையத்தில் பலர் சொல்லும் எழுபத்துமூன்று சதவீதம் என்பது எட்டுப் பிள்ளைகள். அந்த எட்டுப் பேரும் பாட நேரத்தில் பள்ளிக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூலம்: பயிற்சிக் கல்லூரிப் பதிவேடு, கட்டு 14, பக்கம் 203. அட்டவணையின் ஏழாம் வரிசையில் இருப்பது இந்த ஆய்வாளர்.

பழைய பதிவேட்டை எண்ணிக்கைத் தளங்கள் எண்ணுவதில்லை. அவளுக்கு அது தெரியும்.

"உங்கம்மா கடைக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்கக்கா. உங்க நம்பர் எடுக்கலியாம்" என்றான் கடைக்காரன். "கையெழுத்து ஆச்சான்னு கேட்டாங்க."

"ஆச்சுன்னு சொல்லு."

கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். மேற்கோள் பட்டியல். பேராசிரியரின் பெயரை நேற்றே தட்டி வைத்திருந்தாள். அதன்மேல் சுட்டியை வைத்தாள்.

"அக்கா, அது உங்க சார் பேராச்சே. பெரிய ஆளு. இல்லாம விட்டா குறையாத் தெரியாதா?"

"தெரியட்டும்."

அழித்தாள். நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருக்கும். அந்த இடம் ஒரு நொடி காலியாகக் கிடந்தது. பிறகு, பட்டியலில் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறின.