ஒரு வரியில் முடிகிற கேள்வி

கோபன்ஹேகனில் வாய்மொழித் தேர்வு என்றால் பாடம் நடத்தியவர் பக்கத்தில் வேற்றூர்த் தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். கணிதப் பேராசிரியையான எனக்கு வாய்த்தவர் ஆர்ஹுஸிலிருந்து ரயிலேறி வரும் பிரேபன். என்னைப் போலவே தனிக்கட்டை. மாணவரை வெளியே அனுப்பிவிட்டு மதிப்பெண் பேசும் அந்தச் சில நிமிடங்கள்தான் எங்களுக்குத் தனிமை. அதை இழுப்பதற்காகவே அவர் என்ன சொன்னாலும் மறுப்பேன். அந்த மனுஷனோ, "சரி லிஸ்பெத், உங்க இஷ்டம்" என்று தலையாட்டிவிடுவார். பற்றிக்கொண்டு வரும். அவர் போனபிறகு அடுத்த தேர்வு வரைக்கும் அந்த முகத்துக்காக ஏங்கிக் கிடப்பேன்.

இந்த ஜூனோடு அவருடைய பதவிக்காலம் முடிகிறது. இனி வேறு யாரோ வருவார். இன்றாவது மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டுமென்று காலையிலிருந்து தவித்தேன். ஒவ்வொரு முறையும் வாயில் கொழுக்கட்டை.

கடைசியாக வந்தவள் அல்பெர்தே. பச்சை விரிப்பு மேசையில் கவிழ்த்திருந்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். குவிவுச் சார்பையும் அதன் இணைச் சார்பையும் சேர்க்கும் சமனிலி. போச்சு. வரையறையை எழுதினால் அடுத்த வரியிலேயே நிரூபணம் முடிந்துவிடும். தடுமாறுகிற பிள்ளை என்றாலாவது எங்களுக்குப் பேச ஏதாவது மிஞ்சும். இவள் கெட்டிக்காரி.

"ஒரு சரக்கைச் செய்யற செலவு, ஒரு விலைக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச லாபம், ரெண்டையும் கூட்டுங்க. அந்த விலைக்கு வித்து வர்ற காசுக்குக் கீழ அது போகவே போகாது," என்று அந்தச் சமனிலியை வியாபாரக் கணக்காகச் சொன்னாள்.

எப்போது சமமாகும் என்று கேட்டேன், எங்காவது தடுக்கி விழுவாள் என்ற நப்பாசையில். அந்த விலைக்கு எவ்வளவு செய்வது உத்தமமோ சரியாக அவ்வளவே செய்தால் என்று சொல்லி, வளைகோடு வரைந்து சாய்வையும் காட்டிவிட்டாள், பாவி.

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். முழு மதிப்பெண்ணான பன்னிரண்டு. மறுக்க இதில் என்ன இருக்கிறது? நானே சொன்னேன்.

"பன்னெண்டு."

"பத்து," என்றார் பிரேபன்.

எனக்குச் சுருக்கென்றது. எதில் குறை கண்டீர்கள், சமமாகும் இடம் வரைக்கும் சொன்னாளே என்று பொரிந்து தள்ளினேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"குறை ஒண்ணுமில்ல லிஸ்பெத். பன்னெண்டுதான். சரின்னு சொல்லிட்டா அவளை உள்ள கூப்பிடணும். அப்புறம் நான் கிளம்பணும்."

அந்தப் பெண் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள், பாவம். எழுந்துபோய்க் கதவைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பத்து ரொம்ப ஜாஸ்தி," என்றேன். "நாலு."