மகரக்கட்டு

என் மகனுக்கு மகரக்கட்டு உடைய ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. காலையில் தகரத்தை இழுப்பது போல ஒரு குரல், மாலையில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். இப்போதுதான் ஒருவழியாக ஓரிடத்தில் நின்றிருக்கிறது. நின்ற இடம் அவன் அப்பாவின் குரல். அடுத்த அறையிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டால், என் புருஷன் எப்போதிலிருந்து என்னை அம்மா என்கிறார் என்று திடுக்கிடுகிறேன்.

அந்த மனுஷருக்கும் என் மாமனாருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் ஒரே மரப்பட்டறையில் வேலை செய்தவர்கள். ஒருநாள் இவர் ஒரு கதவை அரை விரல் குறைத்து அறுத்துவிட்டார். வாடிக்கையாளர் முன்னாலேயே மாமனார், "நாப்பது வயசாச்சு, இன்னும் பால் குடிக்கிற பிள்ளையாடா நீ?" என்று கத்திவிட்டார். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதெல்லாம் அவர் காதில் விழுந்ததே இல்லை. இவர் உளியைப் போட்டுவிட்டு வந்து வேறு பட்டறையில் சேர்ந்துகொண்டார். இரண்டுமே பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் ரகம். நடுவில் கிடந்து அல்லாடுவது நான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனாருக்கு நான்தான் போன் செய்வேன். அன்று துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க நுரை. "நீயே போட்டு, மாத்திரை முழுங்கிட்டாரான்னு கேளுடா" என்றேன். மகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ, மாத்திரை போட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. பிறகு மாமனார், "ஏன்டா, இப்பதான் அப்பன் ஞாபகம் வந்துச்சா?" என்றார். "எப்படா வர்ற? நான் இருக்கும்போதே வந்துடுடா."

பேரன் பேசுகிறேன் என்று சொல்லித் தொலையேன் என்று சைகை காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"நாளைக்கு வர்றேம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

"அடப்பாவி! அந்த மனுஷன் நாளைக்கு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரே!" சோப்புக் கையோடு அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

"அப்பாகிட்ட நானே சொல்றேன்மா" என்றான். நேற்றுவரை ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் என்னிடம் காலை நீட்டிய பயல்!

சொல்லியும் விட்டான். இவர் தாம்தூம் என்று குதித்தார். "உன்ன யாருடா என் வாயால பேசச் சொன்னது?" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். காலையில் பார்த்தால், கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மூவரும் போனோம். மாமனார் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்துப்போயிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். வழியெல்லாம் எதையோ முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த என் புருஷன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். வாயைத் திறந்தார். "அப்..." என்று பாதியில் ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது.

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற பேரனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து போன்ல நல்லாத்தானே பேசின?" என்று என் புருஷனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் மாமனார். "இந்த வயசுலயாடா உனக்கு மகரக்கட்டு?"