கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்

கொல்லையில் மறுபடியும் அந்தச் சத்தம். தொம்!

கட்டிலில் படுத்திருந்த சோலையப்பன் கழுத்தை மட்டும் திருப்பினான்.

"டேய் வெற்றி, அங்கிட்டு என்னதான்டா நடக்குது?"

"பூனைண்ணே," என்றான் தம்பி வெற்றிசெல்வன், முகத்தை மாற்றாமல்.

"இம்புட்டு கனத்துலயா பூனை?"

வெற்றிசெல்வன் கொல்லைப் பக்கம் நழுவினான். கொல்லையில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவனுடைய அண்ணி சத்யா நின்றாள். காலடியில் இரண்டு பெயிண்ட் வாளிகள், அரை வாளி மணலுடன்.

"மெதுவா வைங்க அண்ணி. அண்ணனுக்குச் சந்தேகம் வந்துருச்சு."

"வரட்டும். என்னைக்கு இருந்தாலும் தெரியத்தானே போவுது?"

விஷயம் இதுதான். குன்றாண்டார்கோவிலைத் தாண்டி ஒரு வளைவில் சோலையப்பனின் லோடு வேன் கவிழ்ந்து ஆறேழு மாதம் ஆகிறது. முதுகில் ஆபரேஷன். கால்களில் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தது. தானாக எழுந்து நிற்கும் அளவுக்கு இல்லை. கீரனூரிலிருந்து வரும் பிசியோதெரபிஸ்ட் ஷர்லி, "அடிக்கடி எழுப்பி உக்கார வைங்க. படுத்தே கிடந்தா இருக்கற பலமும் போயிரும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

எழுப்புவது வெற்றிசெல்வன். ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை முழங்காலுக்குக் கீழே. "கையை மடக்கிக்கண்ணே" என்பான். சோலையப்பன் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொள்வான். குண்டுக்கட்டாகத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துவிடுவான்.

அந்த வெற்றிசெல்வனுக்குத்தான் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும்.

"நான் போகல. அண்ணனை யாரு தூக்குறது?" என்றான் ஒரே பேச்சாக.

"நான் தூக்குறேன்," என்றாள் சத்யா.

வெற்றிசெல்வன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "நான் தூக்கிட்டா நீங்க கிளம்பணும் தம்பி. அவ்வளவுதான் பேச்சு."

போனில் தேடினாள். முதன்முதலாக எடை தூக்குகிறவர்களுக்கான வீட்டுப் பயிற்சி. வீடியோவில் ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள்: கண்டதையும் செய்யாதீர்கள். நாலைந்து விதமான தூக்கு போதும். உங்களுக்கு எதற்குப் பலம் வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சத்யா பார்த்தாள். அண்ணனைத் தூக்கும்போது வெற்றிசெல்வனின் புஜம் தேங்காய் போலப் புடைத்தது. முடிவு செய்துவிட்டாள். கைதான்! வாளியைப் பிடித்து முழங்கையை மடக்குவது, தலைக்கு மேல் தூக்குவது. இந்த இரண்டையும் விடாமல் செய்தாள். கை வலித்தது. சட்டைக் கை கொஞ்சம் இறுகியது. சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் கடலை மூட்டையைப் பெஞ்சில் கிடத்திப் பரீட்சை வைத்துக்கொண்டாள். வெற்றிசெல்வனைப் போலவே கைகளைக் கீழே கொடுத்தாள். குனிந்தாள். இழுத்தாள்.

மூட்டை ஒரு சாண் எழுந்தது. இடுப்பில் சுரீர் என்றது. விட்டுவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மூக்காயியின் தலை எட்டிப் பார்த்தது. "ஏன்டி சத்யா, மூட்டை தூக்க ஆள் கெடைக்கலையா? இல்ல ஒலிம்பிக்குக்குப் போறியா?"

"போனா ஒனக்கும் ஒரு டிக்கெட் எடுக்குறேன் அத்தாச்சி."

வாய் சிரித்தது. மனசு சிரிக்கவில்லை. அந்த மூட்டை கீழே விழுந்தால் கடலை சிதறும். விழுவது அவர் என்றால்?

அன்று சாயங்காலம் வெற்றிசெல்வன் அண்ணனைத் தூக்கியபோது அவள் புஜத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். தூக்குவதற்கு முன்னால் அவன் முழங்காலை மடக்கிக் கிட்டத்தட்ட உட்கார்ந்தான். முதுகு வளையவே இல்லை. எழுந்தது தொடையிலிருந்து.

'அட, இத்தனை நாளும் புடைச்சதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்.'

மறுநாளே தூக்குகளை மாற்றினாள். வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. இரண்டு வாளிகளின் பிடியிலும் ஒரு இரும்புக் குழாயைக் கோத்து, முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து தூக்குவது. குனிந்தபடி குழாயை வயிற்றுப் பக்கம் இழுப்பது. ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. சுலபமாகத் தோன்றினால் மட்டும் வாளிக்கு ஒரு சொம்பு மணல் கூடுதலாக.

கடலை மூட்டை எழுந்தது. வலி இல்லாமல்!

வெற்றிசெல்வன் பூரித்துப் போய் அண்ணனிடம் உடைத்துவிட்டான். "இனிமே அண்ணி தூக்கும்ணே."

சோலையப்பனின் முகம் கறுத்தது. "பொண்டாட்டி தூக்கி வச்சு நான் உக்காரணுமா? நான் என்ன மூட்டையா?"

"தம்பி தூக்குனா மட்டும் மூட்டை இல்லையாக்கும்?" என்றாள் சத்யா.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் கிட்டே வந்தாலே, "தம்பியக் கூப்பிடு" என்பான். வாளிகளுடன் எத்தனை மல்லுக்கட்டி என்ன? தூக்க வேண்டிய ஆள் சம்மதிக்கவில்லை. வெற்றிசெல்வன் ஏஜெண்டிடம் என்ன சொல்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். விமானத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம். வெற்றிசெல்வன் மெடிக்கல் சான்றிதழ் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தான். சத்யா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே எதுவோ சுவரில் மோதியது.

ஓடினாள். சக்கர நாற்காலி சுவரோரம் கிடந்தது. சோலையப்பன் பிரேக் போடாமல் அதைப் பிடித்துத் தானாக மாறி உட்காரப் பார்த்திருக்கிறான். அது உருண்டு போய்விட்டது. இப்போது கட்டிலின் விளிம்பில் பாதி உடம்பு. மீதி சரிந்துகொண்டிருந்தது.

"வெற்றி..." என்றான் பழக்கத்தில்.

"வெற்றி இல்ல. நான்தான் இருக்கேன்."

அவன் முழங்கால்களுக்கு எதிரே தன் முழங்கால்களைக் கொடுத்து அடைத்தாள். முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள். இடுப்பைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்தாள். முதுகு நேராக இருக்கிறதா? இருக்கிறது.

சோலையப்பன் சட்டென்று கைகளை மார்பில் மடக்கினான். தூக்கும்போது அப்படித்தானே!

"மடக்காதீங்க! கட்டில்ல ஊனுங்க! ஊனித் தள்ளுங்க!"

அவன் ஊன்றினான்.

எழுந்தாள். கடலை மூட்டையைவிடக் கனமாக இருக்கும் என்று பல்லைக் கடித்திருந்தவள் திகைத்துப் போனாள். பாதிக் கனத்தைக் காணோம். அதை அவன் தள்ளிக்கொண்டிருந்தான். கையால் மட்டும் இல்லை, பாதத்தாலும்.

இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"ஏ புள்ள... நான் நிக்கிறேனா?"

"பேசாம நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

மெதுவாக, மிக மெதுவாக, அவனைக் கட்டிலில் உட்கார வைத்தாள். அவன் தன் உள்ளங்கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் கையை மடக்கச் சொன்னீங்கல்ல. நானும் மடக்கியே வச்சிட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்து வந்து கட்டிலோரம் போட்டாள்.

"ஒன் போனுல எனக்கு ஆவுற மாதிரி எதாச்சும் தூக்கு இருக்கா?"

இருந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் கையை ஊன்றித் தன் உடம்பைத் தானே மேலே தூக்குவது. சத்யா ஷர்லியைப் போனில் பிடித்துக் கேட்டாள். "தாராளமா செய்யட்டும், நீங்க பக்கத்துல நின்னுக்கங்க. மொதல்ல அந்த நாற்காலிக்கு பிரேக்கைப் போடச் சொல்லுங்க!" என்று கத்தினாள் ஷர்லி.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வாசலில் நின்றது. வெற்றிசெல்வன் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, கடைசியா ஒரு தடவை நானே தூக்கி வாசலுக்குக் கொண்டாந்துரட்டா?"

"கையை எடுடா," என்றான் சோலையப்பன்.

சத்யா நாற்காலியை நெருக்கி வைத்துப் பிரேக்கை அழுத்தினாள். முழங்காலை மடக்கினாள். அவன் கட்டிலில் ஊன்றினான். எழுந்தார்கள், திரும்பினார்கள், ஒரு முறை தடுமாறி நின்றார்கள், மறுபடி திரும்பினார்கள். வெற்றிசெல்வனாக இருந்தால் நொடியில் முடித்திருப்பான்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

"இருய்யா, வாரோம்ல!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தான் சோலையப்பன்.