பொறு என்று சொல்லாத மெமரி

கணினிக்கு மெமரி என்று ஒன்று இருந்தால் அது எப்போதாவது ஒரு முறையாவது "பொறு" என்று சொல்லியாக வேண்டும். சொல்லவே இல்லையென்றால் ஒன்று அது தெய்வப் பிறவி, இல்லையேல் ஏதோ தில்லுமுல்லு. போர்ட்டம்மாவுக்குத் தெய்வத்தின் மேல் சந்தேகம் இல்லை. அக்கா புருஷன் மேல்தான் இருந்தது.

போர்ட்டம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். இன்னும் பிறக்காத ஒரு கணினியைப் போல நடித்துக் காட்டும் மென்பொருளுக்குச் சிமுலேட்டர் என்று பெயர். அதிலிருந்து மெமரிக்குப் போகும் வாசல்தான் போர்ட். அந்த வாசலை வெளியே இழுத்துப் பக்கத்துக் கட்டடத்து மெமரிப் பெட்டியோடு இணைப்பது ஐந்து மாதமாக அவள் தலையெழுத்து. உள்ளேயிருந்து ஒரு வேண்டுகோள் போகும். பெட்டி "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும். கை ஒழியாவிட்டால் "பொறு, கூப்பிடுகிறேன்" என்று சொல்லும். அந்தப் "பொறு"வைச் சமாளிக்க மட்டும் அவள் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பெட்டியை இணைத்து மூன்று வாரம் ஆகிறது, மருந்துக்குக்கூட ஒரு "பொறு" வரவில்லை. எதைக் கொடுத்தாலும் கணினிக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒரே துடிப்பில் "வாங்கிக்கொண்டேன்".

பெட்டியைச் செய்தவரைச் சரிசார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் இயக்குநர் வாயைத் திறந்தால் இவர் வாயிலிருந்து "சரி சார்" விழும். சில நாள் இயக்குநர் திறப்பதற்கு முன்பே விழுந்துவிடும். வீட்டு முறையில் அவர் போர்ட்டம்மாவுக்கு மாமா, அக்காவைக் கட்டியவர்.

திங்கட்கிழமை அவள் பெட்டிக்குள் ஏழு என்று எழுதித் திரும்பக் கேட்டாள். பூஜ்யம் வந்தது. எண்பத்தொன்பது எழுதினாள். அதற்கும் பூஜ்யம். நேரே பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்தாள்.

"மாமா, உங்க பெட்டி எதையும் வெச்சுக்கவே மாட்டேங்குது."

அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். "ஆபீஸ்ல சார்னு கூப்பிடும்மா."

"சார், உங்க பெட்டி எதையும் வெச்சுக்கவே மாட்டேங்குது, சார்."

"வெச்சுக்கிறது அடுத்த கட்டம்மா. இப்போதைக்கு வாங்கிக்கிறது மட்டும்தான். உன் வாசலைச் சோதிச்சுப் பாக்கலாமேன்னு தற்காலிகமா ஒண்ணு செஞ்சு வெச்சேன். இயக்குநர் வந்து எட்டிப் பாத்துட்டாரு. 'ஒரே துடிப்பா! உலகத்துலயே கிடையாதே! வேலை முடிஞ்ச மாதிரிதானே?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் கேட்டிருக்கவே வேண்டாம்.

இயக்குநருக்கு நான்கு கடிதம் எழுதினாள். நான்குக்கும் ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: "கவனத்தில் கொண்டேன், நன்றி." அவரும் "பொறு" சொல்லாத ரகம்தான்.

வியாழக்கிழமை வெளியிலிருந்து நிபுணர் குழு வருவதாக இருந்தது. அதற்குள் "இணைப்பு சரிபார்க்கப்பட்டது" என்ற அறிக்கையில் போர்ட்டம்மா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த வேகத்தை நம்பி நிஜ சிப்பையே வடிவமைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நாளைக்கு அது படுத்துக்கொண்டால் யார் கையெழுத்து என்றுதான் தேடுவார்கள். போடாவிட்டாலோ, மாமாவின் குட்டு உடையும். வியாழன் காலையில் அக்கா போன் செய்தாள்.

"கையெழுத்துதானேடி, போட்டுத் தொலையேன். மனுஷன் மூணு நாளா சாப்பாடு இறங்காம உக்காந்திருக்காரு."

"உன் வீட்டுக்காரர் வாயத் திறந்து உண்மையச் சொன்னா முடிஞ்சுதுக்கா."

"திறந்தா சரின்னுதானே வருது! காய் வாங்கிட்டு வாங்கன்னா சரிங்கறாரு. மூணு நாளா வீட்ல ஒரு காய் இல்ல."

மூன்று மணிக்குக் கூட்டம். இயக்குநர் காலத்தை வென்றதாக அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணியை யாராலும் வெல்ல முடியவில்லை. குழுவின் தலைவியான அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏதாவது எழுதிக் காட்டுங்களேன்" என்றார்.

"என் பதவிப் பேரையே எழுதும்மா" என்றார் இயக்குநர்.

"சார், வேற ஏதாவது..." என்று இழுத்தாள் போர்ட்டம்மா.

"நீளமா இருக்குன்னு பயப்படுறியா? நம்ம மெமரி தாங்கும்."

தலைமை இயக்குநர் மற்றும் முதன்மைத் தொலைநோக்குச் சிற்பி மற்றும் நாளைய கணினிகளின் ஒருங்கிணைப்பாளர் என்று அவள் தட்டி முடித்தாள். ஒரே துடிப்பில் "வாங்கிக்கொண்டேன்". கைதட்டல் எழுந்தது.

"இப்போ அதைத் திரும்ப எடுங்க" என்றார் அம்மையார்.

திரையில் பூஜ்யங்கள் வந்தன. பதவியின் நீளத்துக்கு ஒன்றும் குறையாமல் வரிசையாக வந்தன.

இயக்குநர் இருமினார். "இது ரகசியக் காப்பு. யாரு கேட்டாலும் குடுக்காது. அப்படித்தானே?"

"சரி சார்" என்றார் சரிசார்.

போர்ட்டம்மாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இயக்குநர் அறிக்கையை அவள் முன் தள்ளினார். "கையெழுத்து எங்கம்மா?"

"போட்டுட்டேன் சார். உங்க மெமரிலதான் வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். அறிக்கை கையெழுத்தில்லாமலே மூடப்பட்டது. குறையைக் கூட்டத்திலேயே கண்டுபிடித்தவர் தாம்தான் என்று இயக்குநர் மறுநாள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். நிஜமாகவே வைத்துக்கொள்ளும் பெட்டி செய்யச் சரிசாருக்கு இரண்டு மாதம் தரப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, புதுப் பெட்டியை இணைத்து ஏழு என்று எழுதித் திரும்பக் கேட்டாள். ஏழு வந்தது! மேலும் எழுதினாள், இன்னும் வேகமாக எழுதினாள். நாற்பதாவது வேண்டுகோளுக்குப் பெட்டி முதன்முதலாக "பொறு, கூப்பிடுகிறேன்" என்றது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

பொறுத்தாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பொறுத்தாள். பெட்டி கூப்பிடவே இல்லை. பக்கத்துக் கட்டடம் பூட்டியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாமாவைக் கூப்பிடு. பொறுன்னு சொன்னா அப்புறம் கூப்பிடணும்னு அவருக்கு யாராவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"காய் வாங்கப் போயிருக்காருடி. 'கொஞ்சம் பொறு, வந்துடறேன்'னுட்டுப் போனாரு" என்றாள் அக்கா. "காலையில போனவரு."