இரண்டாவது சுற்று

"விளக்க இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டா," என்றார் வென்டெல்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். மடியில் விரித்த பழைய துண்டின் மேல் ரிவால்வர் கிடந்தது. மகள் ஜோலீன் கைவிளக்கை நீட்டினாள்.

நாற்பத்தெட்டு வயதாகியும் அவளுக்கு அப்பாவிடம் கேட்கத் தைரியம் வராத கேள்வி ஒன்று இரண்டு நாளாக மனதில் கிடந்தது. இந்த வாரம் தாண்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன மனுஷன், திங்கட்கிழமை மனைவியை டவுனுக்கு அனுப்பி, ஹார்லனின் துப்பாக்கிக் கடையில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கிவரச் செய்திருக்கிறார். எதற்கு? செவ்வாய்க்கிழமை பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்திறங்கிய ஜோலீன் அதைப் பார்த்தாள். தோட்டாப் பெட்டியை எடுத்துத் தன் பிக்கப் வண்டியின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபி போட்டாள்.

வென்டெல் ரிவால்வரின் உருளையைத் திறந்து, தோட்டா போடுகிற ஆறு அறையும் காலியா என்று பார்த்தார். பிறகு விரல் நுனியை ஒவ்வொன்றாக உள்ளே விட்டும் பார்த்தார். குழலின் பின்பக்கம் வெளிச்சம் காட்டச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"குழல் சுத்தமா இருக்கு. முன்னாடி வச்சிருந்தவன் ஒழுங்கான ஆளு," என்றார்.

முப்பத்தொரு வருஷம் மாவட்டத்தின் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நட்டைக்கூட இன்னொருவர் பேச்சை நம்பி விட்டதில்லை. ஜோலீனைப் பெண் கேட்டு வந்தவனின் காருக்கு அடியில் முதலில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து அவன் முகத்தைப் பார்த்தார். கார் தேறியது. அவன் தேறவில்லை என்பது ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்காக அவர் இன்றுவரை வருத்தப்படுகிறார், தன் பரிசோதனையில் விட்டுப்போன ஒரே இடம் என்று.

உருளையை மெதுவாக மூடினார். சினிமாவில் வருகிற மாதிரி வீசி அடித்து மூடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. இடது கட்டைவிரலை உருளையின் பக்கவாட்டில் லேசாக அழுத்திக்கொண்டு, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலை வலது கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார், தேன் ஊற்றுகிற வேகத்தில். உருளை ஒரு அறை சுழன்று, டக்கென்று பூட்டிக்கொண்டது. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை.

"ஒண்ணு."

கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா ஆர்டிஸ் தலையாட்டினாள். மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தாள்.

இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுத்தியலை மெல்ல இறக்கிவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினார். நாலாவது முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஜோ, தோட்டாப் பெட்டி உன் வண்டியிலதான இருக்கு?"

"ஆமா," என்றாள் ஜோலீன்.

"நல்லது. சோதிக்கும்போது தோட்டா வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது." கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். "எனக்குன்னு வாங்கியிருந்தா ஆறையும் எதுக்குப் பாக்கப்போறேன்?"

வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்து ஜோலீனை அமுக்கின. அது யாருக்கு என்று ஆர்டிஸ்தான் சொன்னாள், யாரோ அண்டை வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிஸ்டலின் மேல்பாகத்தை இழுத்துத் தோட்டா ஏற்றத் தன் விரலுக்குச் சக்தி இல்லை, ஷாட்கன் சுட்டால் அதன் உதை தோளை உடைக்கிறது. கூப்பிட்டால் ஷெரீஃபின் போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். போன வாரம்கூட ஆட்டுப்பட்டி வரைக்கும் கரடி வந்துவிட்டுப் போயிருக்கிறது. இனிமேல் ஆர்டிஸ் தனி.

"பில்லிங்ஸ் வந்துருன்னு சொல்லிப் பாத்தேன். கெழவி கேக்கல," என்றார் வென்டெல்.

"ஆட்ட யாரு பாத்துக்குவா, நீயா?" என்றாள் ஆர்டிஸ்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகு ஐந்தாவது அறை.

ஆறாவதில் சுத்தியல் முழுக்கப் பின்னுக்கு வந்துவிட்டது. டக்கென்ற சத்தம் வரவில்லை. கட்டைவிரலால் தள்ளினார். உருளை அசைந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அறை குழலுக்கு நேரே நிற்கவில்லை. இந்த அறையில் சுட்டால் தோட்டாவின் ஈயம் சீவிக்கொண்டு பக்கவாட்டில் தெறிக்கும், பிடித்திருக்கிற கையிலோ முகத்திலோ.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஜோலீன் வெகுகாலத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தாள். பேருந்து ஒன்றின் பிரேக்கில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த நாட்களில் அப்படித்தான் வீட்டுக்கு வருவார்.

"ஹார்லன் ரெண்டு அறைதான் பாத்திருப்பான், மிஞ்சிப்போனா மூணு," என்றார். ரிவால்வரை ஆர்டிஸிடம் நீட்டினார். "இன்னொரு சுத்து நீ பாரு. மொத சுத்து துப்பாக்கிய சோதிக்க. ரெண்டாவது சுத்து, சோதிச்சவன சோதிக்க."

ஆர்டிஸ் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துச் சுத்தியலை இழுத்தாள். உருளையை ஜோலீன் தொட்டுக்கொண்டாள். ஐந்து அறை பூட்டியது, ஆறாவது பூட்டவில்லை. "நீ சொன்னது சரிதான்," என்று ஆர்டிஸ் நிமிர்ந்தபோது அவர் தூங்கியிருந்தார். மத்தியானம் இரண்டேகாலுக்கு அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. பாதிரியார் வந்து போனார், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்த கேசரோல் சாப்பாட்டுத் தட்டுகளால் அடுக்களை மேஜை நிறைந்தது. நாலு மணிக்கு ஆர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"வண்டிய எடு. இன்னிக்கு மூணாவது நாள். ஹார்லன் அஞ்சு மணிக்குக் கடைய மூடிருவான்."

சுடாமல் கொண்டுவந்தால் மூன்று நாளுக்குள் திருப்பிக்கொள்வது ஹார்லனின் வழக்கம். ஆனால் அவர்களைக் கண்டதும் அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். இதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம், அடுத்த மாதம் வந்தாலும் எடுத்துக்கொள்வேனே என்றான். ஆர்டிஸ் ரிவால்வரைக் கவுண்டரில் வைத்தாள். அவன் திறந்து பார்த்து, மூடி, இரண்டு முறை சுத்தியலை இழுத்தான். மூன்றாவது முறையும் இழுத்தான்.

"நல்லாத்தான இருக்கு, ஆர்டிஸ்," என்றான் மெல்ல, துக்கக்காரியிடம் பேசுகிற குரலில்.

"இன்னும் மூணு இருக்கு."

நாலு, ஐந்து. ஆறாவதில் அவன் கை அப்படியே நின்றது. கழுத்து சிவந்துவிட்டது. ரிவால்வரில் கட்டியிருந்த விலைச்சீட்டை அறுத்துக் குப்பையில் போட்டான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அதே ரகத்தில் வேறொன்றை எடுத்து வைத்தான். இதற்குத் தான் பொறுப்பு என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் விட்டான்.

ஆர்டிஸ் உருளையைத் திறந்து, வளைந்த விரலை ஆறு அறைக்குள்ளும் விட்டுப் பார்த்தாள். மெதுவாக மூடினாள். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தாள். வலி முகத்தில் தெரிந்தது. ஜோலீன் உருளையைத் தொடக் கை நீட்டியபோது, இது தன் சுற்று என்று தலையாட்டி மறுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, தானே அசைத்துப் பார்த்து, தானே எண்ணினாள். ஆறும் பூட்டின.

ஹார்லன் படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான். ஆர்டிஸ் பேனாவைத் தொடவில்லை. ரிவால்வரை மகளின் முன்னால் வைத்தாள்.

ஹார்லன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. எழுந்து போய்க் கதவில் தொங்கிய அட்டையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பிவிட்டு, திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஜோலீன் இடது கட்டைவிரலை உருளையின் மேல் லேசாக அழுத்தினாள்.

"ஒண்ணு," என்றாள்.